அடுப்படிக் கணக்கு ஆண்பிள்ளைக்கு வேண்டாமா?

முசலிப் பிரிவிலே கொண்டச்சி என்றோர் ஊர். சிலாவத்துறையைக் கடந்து மறிச்சுக்கட்டியை நோக்கிப் போகும் வழிப்போக்கன் கண்ணுக்கு இன்று அங்கே மணலும் முள்மரமும் மரமுந்திரிகையுமே தெரியும். அப்பால் கடல் தெரியும். ஆயினும் இது பெயரற்ற ஊரன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பியர் எழுதிய நூல்களில் ஏறிய பெயர் கொண்டச்சி. ஆங்கிலப் படை அதிகாரியான றொபேட் பேர்சிவல் 1803 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், கொண்டச்சிக் குடாவில் கூடிய முத்துச் சலாபத்தைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். ஆளில்லா மணற்கரை சில வாரங்களுக்குப் பெருநகரமாகும். குளிகாரர், வணிகர், கழுத்து நிறைய நகை பூண்ட தரகர், பாம்பாட்டி, சூதாடி எல்லாரும் வருவர். சலாபம் முடிந்ததும் எல்லாரும் போவர்.

1905 ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் மன்னார்ப் பார்களிலிருந்து எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. மூச்சடக்கி அள்ளியவன் பங்கு மூன்றில் ஒன்று. மேலே குடைபிடித்து நின்ற அரசாங்கத்தின் பங்கு மூன்றில் இரண்டு. மறு ஆண்டே அந்தக் கடலை ஆண்டுக்கு 3,10,000 ரூபாவுக்கு, 20 ஆண்டுக் குத்தகையாக, ஒரு கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தது குடியேற்ற ஆட்சி. 1925 உடன் சலாபமும் ஒழிந்தது. அந்த முத்துக்கள் யார் யார் கழுத்திலோ கிடக்கின்றன. கரைக்கு மிஞ்சியது சிப்பி ஓடு.

குளிகாரனுக்குக் கணக்குத் தெரிந்திருந்தால் வெள்ளைக்காரனை வென்றிருப்பான் என்று நாம் சொல்ல வரவில்லை. துவக்குக்கு முன்னால் கூட்டல் கழித்தல் என்ன செய்யும்? ஆனால், கைக்கு வந்த மூன்றில் ஒரு பங்கும் எந்த வழியாக வெளியேறிற்று என்பதை எழுதிவைத்துப் பார்க்க அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. வெள்ளைக்காரன் போய் முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அவன் பேரனுக்கும் பேத்திக்குமாவது கற்பித்தோமா? இதுவே இன்று நாம் எழுப்பும் வினா.

கற்பிக்கிறோம் என்பார்கள் அதிகாரிகள். ஆம், ஏட்டில் இருக்கிறது. 6 ஆம் தரம் முதல் 9 ஆம் தரம் வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்ற பெயரில் உணவும் தையலும் தோட்டமும் மின்சாரமும் கலந்த ஒரு பாடம் உண்டு. அதன்பின் சாதாரண தரத்திலே மனைப்பொருளியல் என்று ஒரு தெரிவுப் பாடம், மூன்றாம் தொகுதியிலே, மற்றும் பலவற்றுள் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. ஏட்டிலுள்ள சுரைக்காயை வைத்து எத்தனை நாளைக்குக் கறி சமைப்பது?

அண்மையில் அந்தக் கரைப்பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். பெயரைக் குறிக்க விரும்பவில்லை. குறை அங்குள்ள ஆசிரியருடையதன்று. 8 ஆம் தரத்து மாணவி ஒருத்தியின் கொப்பியை வாங்கிப் பார்த்தோம். சமநிலை உணவு என்ற தலைப்பின் கீழ் அழகான கோபுரம் வரைந்திருந்தாள். கோபுரத்திலே அப்பிள் இருந்தது, பாற்கட்டி இருந்தது, அந்தக் கடைத்தெருவில் காசு கொடுத்தாலும் கிடைக்காத காய்கள் சில இருந்தன. “நேற்றிரவு வீட்டில் என்ன சாப்பிட்டாய், பிள்ளை?” என்று கேட்டோம். சோறும் சூடைக் கருவாட்டுக் குழம்பும் என்றாள். “அதில் புரதம் எது?” சற்று யோசித்தாள். “அது பாடத்தில் இல்லை, சேர்” என்றாள்.

சரி, அந்தப் பாடவேளையில் பையன்கள் எங்கே என்று பார்த்தோம். பாதிப் பேர் முற்றத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் மைதானத்தில் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். “இது பொம்பிளைப் பிள்ளைகளின் பாடந்தானே” என்றார் காவலாளி. அவர் சொன்னதில் புதுமை ஒன்றுமில்லை. கல்வி அதிகாரி மனத்துக்குள் நினைப்பதை அவர் வாய்விட்டுச் சொன்னார்; அவ்வளவே.

அன்று மாலை ஒரு வீட்டு வாசலிலே தவணை அட்டை ஒன்றைக் காட்டினார்கள். கிழமைதோறும் கிராமத்துக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறார்களே, அத்தகைய கடன். அந்தக் கணக்கை வாசகர்கள் பொறுமையோடு நம்முடன் சேர்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். விளங்குவதற்காக எண்களை எளிமையாக்கிச் சொல்லுகிறோம். கடன் 50,000 ரூபா. வட்டி “வருடத்துக்கு 20 வீதந்தான்” என்கிறார்கள். ஆகவே வட்டி 10,000, மொத்தம் 60,000, மாதம் 5,000 வீதம் பன்னிரண்டு மாதம். கேட்பவருக்கு நியாயமாகவே படும். ஆனால் அந்தத் தாயின் கையில் 50,000 ரூபா ஓராண்டு முழுவதும் இருக்கவில்லை என்பதை எவர் சொன்னார்? முதல் மாதமே முதலில் ஒரு பகுதி திரும்பிப் போய்விட்டது. கடைசி மாதம் அவள் பொறுப்பில் இருந்த முதல் ஐயாயிரத்துக்கும் குறைவு. ஆண்டு முழுவதற்குமாகச் சராசரி பார்த்தால் அவளிடமிருந்த கடன் 27,000 ரூபாவளவே. 27,000 க்கு 10,000 வட்டி என்றால் வீதம் என்ன? 35 ஐத் தாண்டுகிறது. இருபது என்று சொல்லிக் கொடுத்தது, முப்பத்தைந்தாக அறவிடப்படுகிறது. சட்டத்தை மீறாமலே, முகத்தில் சிரிப்பு மாறாமலே அறவிடப்படுகிறது.

இந்தக் கணக்குக்கு உயர்கணிதம் வேண்டியதில்லை. சராசரி காணத் தெரிந்த 8 ஆம் தரத்துப் பிள்ளை பத்து நிமிடத்தில் போட்டு முடிக்கும். சராசரி காண்பதைக் கணித ஆசிரியர் அந்தப் பிள்ளைக்குக் கற்பித்துத்தான் இருக்கிறார்; ஒரு துடுப்பாட்டக்காரன் எடுத்த ஓட்டங்களை வைத்துக் கற்பித்திருக்கிறார். தாயின் தவணை அட்டையை வைத்துக் கற்பிக்க எந்தப் பாடத்திட்டமும் அவரைப் பணிக்கவில்லை. விளைவு என்ன? போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் நுண்கடன் வலையிற் சிக்கி, ஒன்றை அடைக்க மற்றொன்று, அதை அடைக்க வேறொன்று என்று மூழ்கினர். 2018 இல், வரட்சியால் வாடிய மாவட்டங்களிலே பெண்கள் பட்ட ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் வழங்க அரசாங்கமே முன்வர நேர்ந்தது. தீப்பிடித்த வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றியதை நாம் குறை கூறவில்லை. அதே ஆண்டில் 8 ஆம் தரத்துப் பாடநூலில் கடன் வட்டிக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்று எந்த மந்திரி கேட்டார்? எந்த எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்டார்? நம்மவர் எவராவது கேட்டாரா?

கடனோடு முடிவதன்று இக்கல்வி. சர்க்கரை கலந்த பானப் போத்தல்களில் 2016 முதல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வட்டமிட்டு விற்க வேண்டும் என்பது இந்நாட்டு விதி. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. விதி செய்தவர் வாழ்க! ஆனால் சிவப்பு வட்டம் இருந்தால் குடிக்கலாமா, எவ்வளவு குடிக்கலாம் என்பதை வகுப்பறையில் ஒரு போத்தலை மேசைமேல் வைத்துக் கரண்டியால் சீனியை அளந்து காட்டிய ஆசிரியர் எத்தனை பேர்? 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை ஒன்று நிறுவப்பட்டிருக்கிறது. அதற்கு முறைப்பாடு எழுதுவது எப்படி என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? விண்ணப்பக் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம்; காலாவதியான மாவை விற்ற கடையைப் பற்றி ஒரு கடிதம் எழுதக் கற்பிப்பதில்லை.

2021 இன் கடைசி மாதங்களில் நாடெங்கும் சமையல் வாயு அடுப்புகள் வெடித்தன. சிலிண்டருக்குள் இருக்கும் இரண்டு வாயுக்களின் விகிதம் பற்றி அப்போதுதான் நாடு முதன்முதலாகப் பேசியது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. கரையிலே படகுகள் கவிழ்த்துக் கிடந்தன. அடுத்த மாதம் கொழும்பு விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். இந்த வீதங்கள் பத்திரிகையில் வந்தன. வீட்டிலே பானையில் என்ன குறைந்தது, யாருடைய கோப்பையில் முதலில் குறைந்தது என்பது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. தாயின் கோப்பையில்தான் முதலில் குறையும். இதை அறியப் பொருளியல் பட்டம் வேண்டியதில்லை.

இவையெல்லாம் தாய் வீட்டில் சொல்லிக்கொடுப்பாள். பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்வி. கொண்டச்சித் தாயின் கதையைக் கேளுங்கள். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டனர். முசலிக் கரையும் வெறிச்சோடியது. புத்தளத்து முகாம்களிலே, ஓலைக் குடிசைகளிலே, நிவாரண அட்டைக்கு அளந்து போட்ட அரிசியிலும் பருப்பிலும் ஒரு தலைமுறை வளர்ந்தது. பெண்கள் வெங்காயத் தோட்டத்திலும் பையன்கள் உப்பளத்திலும் கூலிக்குப் போனார்கள். 2009 இன் பின்னர் ஊர் திரும்பியவள், தன் தாய் வைத்திருந்த முருங்கையையும் கோழிக்கூட்டையும் கதையாகக் கேட்டவளேயன்றிக் கண்டவளல்லள். போரினால் ஓடி ஓடி அலைந்த நம் தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதுவே. தாயிடமிருந்து மகளுக்கு என்று ஓடிவந்த நூல் இருபது ஆண்டுக்காலம் அறுந்து கிடந்தது. அதை மறுபடி முடிய வேண்டிய இடம் பள்ளிக்கூடம் அல்லாது வேறெது? இன்னுமொன்று: தவணை அட்டையும் வாயுச் சிலிண்டரும் சிவப்பு வட்டமும் பாட்டி காலத்திலும் இருந்தவையல்ல. தாய் அறியாததை மகளுக்கு எப்படிக் கற்பிப்பாள்?

இன்னொரு சாரார் இருக்கின்றனர். இவர்களுடன் நமக்கு உறவும் உண்டு, பிணக்கும் உண்டு. “ஏழைப் பிள்ளைக்குச் சமையலும் தையலும், பணக்காரப் பிள்ளைக்கு விஞ்ஞானமா? இது குலக்கல்வியின் மறுபிறப்பு!” என்பர். இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். 1953 இல் சென்னை மாகாணத்திலே இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த திட்டப்படி பிள்ளை அரைநாள் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் கழிக்க வேண்டும் என்றபோது, தமிழகம் கொதித்தெழுந்தது. 1954 இல் காமராசர் அதைக் கைவிட்டார். எழுந்தது நியாயம்; கைவிட்டதும் நியாயம். நம் நாட்டிலும் 1930களில் ஹந்தெஸ்ஸாவில் தொடங்கிய கிராமக் கல்வித் திட்டத்தை, கிராமத்தானைக் கிராமத்திலேயே கட்டிப்போடும் தந்திரம் என்று ஐயுற்றவர் இருந்தனர். 1972 இன் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை எல்லாப் பள்ளிகளிலும் புகுத்தியது. ஐந்தாறு ஆண்டுகளில் ஆட்சி மாற, அதுவும் போயிற்று. மீன்பிடிப் பாடம் மீனவன் மகனுக்கே என்றால் எவன்தான் விரும்புவான்?

ஆனால் நாம் கேட்பது அதுவன்று. கொழும்புக் கறுவாத்தோட்டத்துப் பிள்ளைக்கும் கொண்டச்சிப் பிள்ளைக்கும், வைத்தியர் மகனுக்கும் வள்ளக்காரர் மகளுக்கும் ஒரே பாடம் வேண்டும் என்கிறோம். பின்லாந்திலே 7 ஆம் வகுப்பில் ஆண், பெண் என்ற பேதமின்றி எல்லாப் பிள்ளைகளும் மனையியல் படித்தாக வேண்டும். யப்பானிலே முன்னர் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்த இப்பாடத்தை, 1993 இல் நடுநிலைப் பள்ளிகளிலும் 1994 இல் உயர்நிலைப் பள்ளிகளிலும் இருபாலார்க்கும் பொதுவாக்கினர். அங்கெல்லாம் விஞ்ஞானம் அழிந்துவிட்டதாக நாம் கேள்விப்படவில்லை.

விஞ்ஞானத்துக்குப் பகையான பாடமும் அன்று இது. அமெரிக்காவில் இத்துறையை நிறுவியவருள் முதன்மையானவர் எலன் ரிச்சர்ட்ஸ் அம்மையார். மசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1873 இல் பட்டம் பெற்ற முதற் பெண்மணி, இரசாயனம் கற்றவர். அவர் முதலில் கையிலெடுத்தது அகப்பையை அன்று, குடிநீரை. ஊர் ஊராக நீரெடுத்துச் சோதித்தார். 1909 இல் மனையியற் சங்கத்தின் முதல் தலைவரானார். கரையோரத்துக் கிணறுகளில் உவரேறுவதைப் பார்த்துக்கொண்டே வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெண்மணியின் பெயர் தெரியாது. தம் வீட்டுக் கிணற்று நீரைச் சோதிக்கவும் தெரியாது. தமிழகத்திலே அவினாசிலிங்கனார் 1957 இல் கோயம்புத்தூரில் மனையியற் கல்லூரி கண்டார். இராசம்மாள் தேவதாசு அம்மையார் அதை வளர்த்தார். அரும்பணி. ஆயினும் அது பெண்களுக்கான கல்லூரியாகவே நின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்பாடத்தைக் கொண்டச்சியில் எதைக்கொண்டு கற்பிப்பது? கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் கிடக்கின்றன. மரமுந்திரிகைக் கொட்டை ஒரு கிலோவை உடைத்தால் பருப்பு ஏறத்தாழக் கால் கிலோ தேறும். முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு ஒரு விலை. ஓட்டிலுள்ள எண்ணெய் கையை எரிக்கும். உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். ஏன் எரிக்கிறது, என்ன பூசிக்கொண்டு உடைக்க வேண்டும், கொட்டையாக விற்றால் என்ன, பருப்பாக விற்றால் என்ன, உடைத்தவளுக்குக் கூலி போட்டால் இலாபம் மிஞ்சுமா? இது ஒரு தவணைக்குப் போதுமான பாடம். மணலில் பரப்பிய கருவாட்டுக்கும் தட்டி கட்டி உயர்த்திக் காயவைத்த கருவாட்டுக்கும் விலையில் எவ்வளவு வேறுபாடு. மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் என்ன? இது இன்னொரு தவணை. இதிலே இரசாயனம் இருக்கிறது, கணிதம் இருக்கிறது, சுகாதாரம் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு ஆகாதது எது இருக்கிறது?

கமக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நெல்லுக்கு ஏக்கருக்கு என்ன செலவு என்று கேட்டால் உழவு, விதை, உரம், வெட்டுக்கூலி என்று விரல்விட்டு எண்ணுகிறீர்கள். களை பிடுங்கிய மனைவியின் நாட்களையும், காவலிருந்த மகனின் இரவுகளையும் எந்த வரியில் எழுதுகிறீர்கள்? எழுதாதபடியால்தான் நட்டம் இலாபம்போலத் தெரிகிறது. அடுத்த போகத்துக்கும் கடன் வாங்கத் துணிவு வருகிறது. அந்த வரியை எழுதும் பழக்கம் பதின்மூன்று வயதில் வரவேண்டும். ஐம்பது வயதில் வராது.

உத்தியோகத்தர்களுக்கு இரண்டு வார்த்தை. மகனை ஐந்து மணிக்கு எழுப்பி ரியூசனுக்கு அனுப்புகிறீர்கள். மனைப்பொருளியலை “மொக்குப் பிள்ளைகளின் பாடம்” என்கிறீர்கள். அவன் பொறியியலாளனாகிப் பேராதனை விடுதியிலோ இலண்டன் அறையிலோ தனியே இருக்கும்போது, பாணும் சோடாவுமாக வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறான். முதற் சம்பளத்திலேயே கடனட்டைக்கு அடிமையாகிறான். பிறகு கல்யாணத்துக்குப் பெண் தேடும்போது “சமைக்கத் தெரியுமா?” என்று பெண்வீட்டாரைக் கேட்கிறீர்கள். (இதை எழுதும் நமக்கே முட்டை எத்தனை நிமிடம் அவிய வேண்டும் என்பது தெரியாது. நம்மையும் அப்படித்தான் வளர்த்தார்கள். அதனாற்றான் இவ்வளவு உறைப்பாக எழுதுகிறோம்.)

பாடத்திட்டச் சீர்திருத்தம் என்ற பேச்சு மீண்டும் நாட்டிலே எழுந்திருக்கிறது. புதிய சொற்கள் பல காற்றில் பறக்கின்றன. நாம் கேட்பவை சாதாரணமானவை. 6 ஆம் தரம் முதல் 9 ஆம் தரம் வரை மனைப்பொருளியல் ஆண், பெண் இருபாலார்க்கும் கட்டாயமாக வேண்டும். கதிரை அடுக்குவதற்கு வேறு நேரம் பார்த்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் அறை வேண்டும். அதிலே அடுப்பு ஒன்று, தராசு ஒன்று, நல்ல நீர்க்குழாய் ஒன்று போதும். கணினிக் கூடத்துக்கு நாடா வெட்ட மந்திரிகள் வருகிறார்கள். அடுப்பறைக்கு நாடா வெட்ட எவரும் வராவிட்டாலும் நமக்குக் குறையில்லை. தேசிய கல்வியியற் கல்லூரிகளில் இத்துறையில் பயின்று வெளியேறுவோரை முசலி போன்ற கரையோரங்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியவரை மூன்றாம் மாதத்தில் செல்வாக்குக் கடிதம் ஒன்றுக்காக நகரத்துக்கு மாற்றக்கூடாது. பாடநூலின் ஒரு பகுதியையாவது அந்தந்த மாவட்டத்து ஆசிரியரே எழுத இடம் வேண்டும். கொண்டச்சிப் பிள்ளையின் உணவுக் கோபுரத்திலே சூடைக் கருவாட்டுக்கு ஓர் இடம் கிடைக்கட்டும்.

இவற்றுள் எதற்கும் காசில்லை என்று மாகாணக் கல்வித் திணைக்களம் சொல்லக்கூடும். முதலாவதற்குக் காசே வேண்டியதில்லை. நேரசூசியில் ஒரு கோடு போதும். ஆகவே அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தாய்மாரை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாமல், தகப்பன்மாரும் போக வேண்டும். போய், அதிபரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்தப் பாடவேளையில் என் மகன் எங்கே இருந்தான்?